கை நனைத்த வீடு

ஒரு எலிக்கு வந்த பக்கவாதத்தை அதோடு ஒரே கூண்டில் கிடந்த மற்ற எலிகள் பங்கு போட்டுக்கொண்ட சங்கதி முதன்முதலில் இசக்கியம்மாளுக்குத்தான் தெரியவந்தது. தெரியவந்த அன்றைக்கு அவள் ஒன்றும் மூக்கில் விரலை வைக்கவில்லை, நூலை ஒழுங்காக ஏற்றவில்லை போலிருக்கிறது என்று தன்னைத்தானே வைதுகொண்டு கை கழுவப் போனாள்.

ஆவுடைப்பேரிக்கு மேற்கே புறவழிச்சாலையை ஒட்டி ஒரு மருத்துவக் கல்லூரி, அதன் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஒரு விலங்குக்கூடம், அந்தக் கூடத்தில் வெள்ளை எலிகளுக்குப் பக்கவாதம் வரவழைப்பது இசக்கியின் சோலி. கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கும், ஆனால் மனுசனுக்கு வருகிற சீக்குக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் அந்தச் சீக்கை யாராவது வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும், எலிகள் வாங்கிக்கொண்டன. எலியை மயக்கிப் படுக்கவைத்து, கழுத்தைக் கீறி, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய நைலான் நூல் ஒன்றை மேலே மேலே ஏற்றி, மூளைக்குப் போகிற ரத்தத்தை அடைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து நூலை உருவிவிட்டுத் தைத்துவிடுவாள். மறுநாள் அந்த மூளையை எடுத்து, துண்டு போட்டு, ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறவைப்பாள். உயிரோடு இருக்கிற செல்லெல்லாம் சிவந்துபோகும், செத்த இடம் மட்டும் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளையைச் சுருக்குகிற மருந்து எது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில எலிகளுக்குக் கழுத்தைக் கீறித் தைப்பதோடு சரி, நூல் ஏற்ற மாட்டாள்.

அறுத்துத் தைத்த எலியைத் தனிக்கூண்டில் விட வேண்டும் என்பது விதி, ஆனால் அந்த வருஷம் கேட்ட கூண்டு வந்து சேரவில்லை. ஆகவே நூல் ஏறிய எலியும் ஏறாத எலியும் ஒரே உமிப் படுக்கையில் கிடந்து, தண்ணீரில் நனைத்துவைத்த தீனியை ஒரே கிண்ணத்தில் தின்றன. மறுநாள் பார்த்தால், நூல் ஏறிய எலியின் மூளையில் கால்வாசி வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜவ்வரிசி அளவு வெள்ளைதான் இருந்தது. நூலே ஏறாத எலிகளிலும் ஆளுக்கொரு ஜவ்வரிசி. எல்லாவற்றையும் கூட்டினால் அந்தக் கால்வாசி கச்சிதமாக வந்தது.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் தவமணி, "நூல தப்பா ஏத்திருக்கே" என்று அவரே ஒரு தடவை ஏற்றிப் பார்த்தார். அதே கதைதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன சார் செய்ய?" என்றாள் இசக்கி.

"என்னத்தச் செய்ய. இத எழுதி அனுப்பினா நம்ம ரெண்டு பேர் மூளையத்தான் ஸ்கேன் எடுக்கச் சொல்லுவான். கூண்டு வரட்டும்" என்றார் அவர்.

இது விலங்குக்கூடத்தை விட்டு ஊருக்குள் எப்படி வந்தது என்று ஆவுடைப்பேரியில் யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. உமியில் வந்தது என்றார்கள் சிலர், எல்லாம் வரவேண்டிய காலத்தில் வரும் என்றார்கள் சிலர், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முதலில் வந்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வீட்டு முன்கட்டில் மெஸ் நடத்திய சங்கரபாண்டியனுக்கு. மத்தியானப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து, கரண்டி நழுவி, ஆள் சாயப் போனார். தண்ணி தண்ணி என்று யாரோ கத்துவதற்குள் நிமிர்ந்து நின்று, கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டார். அவருக்குப் போனது 'ரசம்' என்ற வார்த்தை மட்டும்தான், வாளியைக் காட்டி, "இது, இது வேணுமா?" என்று கேட்டார். அதே நேரத்தில், அவர் வீட்டில் எந்தக் காலத்திலாவது சாப்பிட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று போயிற்று. பாபநாசம் வண்டிக் கண்டக்டருக்கு விசில் அடிக்க வரவில்லை, ஜவுளிக்கடை சிப்பந்திக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நோட்டரி வக்கீலுக்குக் கொட்டாவி விடத் தெரியவில்லை, ஒரு வாத்தியாருக்கு மல்லிகை வாசம் மட்டும் மூக்கில் ஏறவில்லை, இன்னொருத்தருக்கு மச்சினன் முகம் மறந்துபோனது, அதற்கு அவர் ரொம்ப வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் எல்லார் மூளையிலும் கடுகளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. கொஞ்ச நாள் ஊர் அதையே பேசியது, அப்புறம் அதற்கு ஒரு பேச்சு வழக்கு உண்டாகிவிட்டது. போச்சு என்று யாரும் சொல்லவில்லை, கொடுத்தது என்றார்கள். "விசில் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டால், "அது சங்கரபாண்டியனுக்குக் குடுத்தது" என்பார் கண்டக்டர், கொஞ்சம் பெருமையாகவே. சங்கரபாண்டியன் மெஸ்ஸில் அதற்கப்புறம் கூட்டம் குறையும் என்று பார்த்தால் கூடத்தான் செய்தது, ஏனென்றால் வந்தது வந்துவிட்டது, இனி அங்கே சாப்பிட என்ன பயம் என்று ஆட்கள் நினைத்தார்கள்.

பிறகு ஏ.டி.எம். காவல்காரர் தங்கப்பழத்துக்கு வந்தது. அவர் ஒண்டிக்கட்டை, தானே பொங்கித் தானே தின்கிறவர், ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு வாய் போட்டதில்லை. அவருக்கு வந்தது முழுசாக அவருக்கே நின்றது. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, என்ன சொல்கிறார் என்றே தெரியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரை ஊரே வரிசையில் நின்று பார்த்தது. பக்கவாதம் என்றால் இவ்வளவு பெரிய சாமானா என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அந்த வாரத்திலிருந்து ஆவுடைப்பேரியில் விருந்து என்றால் விருந்து. பிரஷர் மாத்திரை போடுகிறவர்களெல்லாம் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். ரைஸ்மில் குற்றாலிங்கம் ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் கிடாய் வெட்டிப் போட்டார், எதற்குப் போடுகிறார் என்று தெரிந்தேதான் எல்லாரும் போனார்கள், தெரிந்தேதான் இரண்டாந்தரம் கறி கேட்டார்கள். அவருக்கு வந்தபோது ஊர் அவ்வளவு பேருக்கும் பங்கு பிரிந்து, ஒருத்தருக்கு ஒரு பாட்டின் இரண்டாவது வரி, ஒருத்தருக்கு ஒரு தூரத்து ஊரின் பேர் என்று, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடிந்தது.

சட்டதிட்டங்களும் மெல்ல மெல்ல உருவாயின. டீ கணக்கில் வராது. பார்சல் வராது. ஸ்பூனால் சாப்பிட்டால் வராது, கை நனைய வேண்டும். அதனால் நின்றுகொண்டு கரண்டியால் தின்கிற கல்யாண விருந்தெல்லாம் வழக்கொழிந்து இலை திரும்பி வந்தது. கோயில் சோறு பற்றிக் கொஞ்ச நாள் தகராறு இருந்தது, சாமிக்குப் பக்கவாதம் வராது என்று அர்ச்சகர் சொன்ன பிறகு அடங்கியது. கடைசியாக ஒரு சட்டம், எல்லாவற்றிலும் முக்கியமான சட்டம்: கை நனைத்த வீட்டோடு சண்டை போட்டு, இனி இங்கே கை நனைக்க மாட்டேன் என்று வாய் திறந்து சொல்லிவிட்டால், அன்றோடு அறுந்துபோகும். இதற்கு அத்தாட்சி குற்றாலிங்கத்தின் தம்பி சிவஞானம். சுவர்த் தகராறில் அண்ணன் வாசலில் நின்று அப்படிச் சொல்லிவிட்டு வந்தவர். அண்ணனுக்கு வந்தபோது ஊருக்கெல்லாம் ஏதோ ஒன்று போனது, உமக்கு என்னவே போச்சு என்று கேட்டதற்கு, "எனக்கு ஒரு மயிரும் போவல" என்றார் சிவஞானம். அந்த மாதத்திலிருந்து ஏதோ விரதம் என்று செருப்புப் போடுவதையும் விட்டுவிட்டார், பக்தியான மனுசன் என்று ஊர் மெச்சிக்கொண்டது.

இந்தக் கடைசிச் சட்டத்தைக் கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் இசக்கிக்கு அப்பா ஒரு காலத்தில் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. அவளுக்கு ஒரு அக்கா உண்டு, பேர் முப்பிடாதி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் வீட்டுக்கு அடுப்பும் கரண்டியும் அவள்தான். இசக்கிக்கு ஊட்டி வளர்த்ததும் அவள்தான், பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளராக இருந்த அப்பா பலவேசத்துக்கு மணி அடித்தாற்போல் ஒரு மணிக்குச் சோறு போட்டதும் அவள்தான். அப்பா கூட்டிவருகிற தெருக்கார டிரைவர் கண்டக்டருக்கும், கல்யாணம் காய்ச்சல் என்று அடுப்புப் பற்றவைக்காத பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்தே பொங்குவாள், மேலத்தெருவில் அவள் கைச்சோறு தின்னாத வாய் கிடையாது. அந்த முப்பிடாதி குளத்துக்கு அக்கரையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த செல்வினைக் கட்டிக்கொண்டாள். அவன் வேறு ஆள், வேறு வேதம். அவன் பக்கத்து ஆட்களும் வரவில்லை, இவள் பக்கத்து ஆட்களும் வரவில்லை. முதல் சோறு பொங்கிவைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட அவளே வந்தாள், அப்பா அவள் பின்னாலேயே நடந்து குளத்தைத் தாண்டிப் போய், தெரு ஆட்கள் சூழ நிற்க, அந்த வாசலில் நின்று சொன்னார்: "இந்த வீட்ல நானோ, என் சின்ன மகளோ, எங்க தெரு ஆளோ கை நனைக்க மாட்டோம். இதுவரைக்கும் இவ கையால தின்னதும் தின்னதில்லேன்னு ஆவட்டும்." சொல்லிவிட்டு அதே வேகத்தில் திரும்பி நடந்தார். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

முப்பிடாதிக்கு இப்போது பிரஷர். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸ் முகம் மாறியதை, அங்கே வேறு காரியமாகப் போயிருந்த இசக்கி தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வந்தால் அக்காவுக்கும் செல்வினுக்கும் ஆளுக்குப் பாதி, பாதி என்பது இரண்டு பேரையும் படுக்கப் போட்டுவிடும். அவளுக்கு அது கணக்குப் போட்டுத் தெரிய வேண்டியதில்லை, தினமும் சாயத்தில் பார்க்கிற விஷயம். அவளுக்குப் பயமாக இருந்தது, அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

விலங்குக்கூடத்தில் அவள் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஒன்றாகத் தின்ற எலிகளைப் பிரித்து வேறு வேறு அலமாரியில் வாரக்கணக்கில் வைத்துவிட்டு ஒன்றுக்கு நூல் ஏற்றினாள், அப்போதும் எல்லாம் பங்கு வாங்கிக்கொண்டன. தூரம் அறுக்காது, காலம் அறுக்காது. ஆனால் சொல் அறுக்குமா? எலிகளுக்குச் சபதம் போடத் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்க உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் வழி இல்லை. தவமணி சாரிடம் கேட்டாள். "சிவஞானத்துக்கு ஒண்ணும் ஆவலங்காவளே" என்றார் அவரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். முன்னால் பட்டறையில் செல்வின் முகமூடி போட்டு ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். உள்ளே முப்பிடாதி கொஞ்சம் தடித்துப் போய், தலை முன்பக்கம் நரைத்து, ஆனால் அதே வெடுக்கு வெடுக்கென்ற நடையோடு இருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கண் கலங்கியது, அதைக் காட்டிக்கொள்ளாமல் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"சோறு போடுக்கா" என்றாள் இசக்கி.

"வடிக்கல."

அடுப்படியிலிருந்து சாளை மீன் குழம்பு வாசம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

"பொய் சொல்லுதே."

"ஆமா, பொய்தான் சொல்லுதேன். டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு."

"மாத்திர போடுதியா?"

"போடுதேன். போட்டாலும் எறங்க மாட்டேங்கு."

"நான் ஒரு வாய் தின்னா மூணா பிரியும்க்கா. இப்பம் ரெண்டாத்தான் நிக்கி."

"உன் கை போயிரும்ட்டி" என்றாள் முப்பிடாதி. "எலிக் கழுத்துல நூல் கோக்குத கை. அது போறதுக்கா உனக்கு ஊட்டி வளத்தேன்? அவுகளையே ஓட்டல்ல போய்த் திங்கச் சொல்லிட்டேன். இந்த வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, விட்டுப் போயிரும்னு தெனமும் கெஞ்சுதேன், மனுசன் வாயத் தெறக்க மாட்டேங்காவ."

பட்டறையில் பற்றவைக்கிற சத்தம் நின்றது. "நான் சொல்ல மாட்டேன்" என்று செல்வினின் குரல் வந்தது, அப்புறம் மறுபடியும் சத்தம் ஆரம்பித்தது.

இசக்கி அடுப்படிக்குள் நுழையப் பார்த்தாள். முப்பிடாதி வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். அக்காவைத் தள்ளிவிட்டு உள்ளே போகிற தைரியம் இசக்கிக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

அடுத்து மேலத்தெருவில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். ரைஸ்மில்காரர் பந்தியில் முட்டிமோதி உட்கார்ந்தவர்கள்தான் எல்லாரும். அது வேற, இது வேற என்றார்கள். உங்க அப்பாதானே வாசலில் நின்று சொன்னார், அவர் வாயால் இல்லை என்று சொல்லட்டும், பார்ப்போம் என்றார்கள். அவள் அப்பாவிடம் வந்தாள். அவர் ஒரு மணிச் சாப்பாட்டில் இருந்தார். சோற்றை விரல் நுனியால் ஒதுக்கி, உருட்டி, பெருவிரலால் வாய்க்குள் தள்ளுவது அவருக்கு ஒரு அழகு, ஒரு பருக்கை சிந்தாது.

"அப்பா, சொன்னதத் திருப்பி எடுத்துக்கிடுங்க. ஒரு நாள் போய் ஒரு வாய் சாப்பிடுங்க. தெருவே பொறத்தால வரும்."

"வண்டி கெளம்பிட்டுன்னு மைக்ல சொன்னா கெளம்பினதுதான். திரும்பவா கூப்பிட முடியும்?"

"அவளுக்கு முழுசா வந்திரும்ப்பா. தங்கப்பழத்தப் பாத்தீயள்ளா?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து எழுந்தபோது, "நான் போனபொறவு நீ போய்த் தின்னுக்கோ" என்றார். அவரைப் பாசம் இல்லாத மனுசன் என்று சொல்லிவிட முடியாது. முப்பிடாதி அக்கரைக்குப் போன நாளிலிருந்து குளத்துப் பக்கம் போகிற வழியையே விட்டுவிட்டுச் சுற்றிப் போகிறவர், அந்த வீட்டைப் பார்த்துவிடுவோம் என்ற பயம்தான். ஆனால் சொன்ன சொல்லை ஒரு ஊரே சட்டமாக்கிக் கையில் கொடுத்த பிறகு, அதைக் கீழே போட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இப்படியே மழையும் போய் வெயிலும் வந்தது. மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம் இசக்கி ஒரு எலியின் கழுத்தைத் திறந்துவைத்து, குழாயைப் பிரித்தெடுத்து, நூலை இடுக்கியில் பிடித்து உள்ளே விடப் போனாள், அந்த நேரத்தில் சிவப்பு போய்விட்டது. விளக்கு அணையவில்லை, கண் இருட்டவில்லை; எலியின் ரத்தம், அவள் கைக்குட்டையின் கரை, சுவரில் தீயணைப்புக் கருவி, எல்லாம் சாம்பல் நிறமாக, பழைய போட்டோ மாதிரி இருந்தன. பக்கத்துத் தட்டில் முந்தின நாள் ஊறவைத்த மூளைத் துண்டுகளில் எது செத்தது எது பிழைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் நூலை வெளியே எடுத்தாள். எலியின் கழுத்தைத் தடவித் தடவித் தைத்தாள். அதைத் தூக்கிக் கூண்டில் விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

யாருக்கோ வந்திருக்கிறது, அவர் வீட்டில் நான் கை நனைத்திருக்கிறேன். அவளுக்கு அவ்வளவு வீடுகள் இல்லை, டிபன் பாக்ஸோடு அலைகிறவள். குற்றாலிங்கத்துக்கு வந்து முடிந்தாயிற்று. தவமணி சார் பக்கத்து அறையில் யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் வரவில்லை. அவள் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மேலத்தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. ஊரின் மற்ற தெருக்களெல்லாம் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கின, இந்தத் தெரு மட்டும் வெளியே வந்து நின்றது. பூக்கட்டுகிற கோமு பாதி கட்டிய சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முடிச்சு எப்படிப் போடுவது என்று தெரியாமல் விழித்தாள். எதிர்வீட்டு ரிட்டையர்டு டிரைவர் இடது கண்ணை மட்டும் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், வலது கண் சிமிட்டவில்லை. யாருக்கு, யாருக்கு என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தெரு மொத்தமும் கை நனைத்து, ஊரில் வேறு யாரும் அதிகம் நனைக்காத அடுப்பு எது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பேரைச் சொல்லவில்லை.

வீட்டில் அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மணி ஒன்று தாண்டிவிட்டிருந்தது, சோறு அப்படியே இருந்தது, சாம்பார் ஊற்றிய இடம் இறுகிப்போயிருந்தது. வலது கையைத் தட்டின் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருவெரல் வரல" என்றார். "மத்த நாலும் வருது."

"எனக்குச் செவப்பு போயிட்டுப்பா."

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார், வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தார், கோமுவின் கையில் தொங்குகிற பூவைப் பார்த்தார். "மூத்தவளுக்குத்தான்" என்றார். சட்டையை எடுத்துப் போட்டார், பொத்தான் மாட்ட வரவில்லை, இசக்கி மாட்டிவிட்டாள்.

தெருமுனையில் சிவஞானம் தன் வாசற்படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அவர் காலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு தூசி படிந்து கிடந்தது. அப்பா அவர் முன்னால் நின்றார்.

"என்னவே சிவஞானம், எந்தக் காலுக்கு எந்தச் செருப்புன்னு தெரியலியோ?"

சிவஞானம் சுற்றும்முற்றும் பார்த்தார். பொய் சொல்வதற்கு வாயைத் திறந்தவர், அப்பாவின் தொங்குகிற பெருவிரலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "அண்ணனுக்கு வந்த அன்னைல இருந்து" என்றார் தரையைப் பார்த்து. "எப்படி வெளிய சொல்லுவேன் பலவேசம்? கை நனைக்க மாட்டேன்னு ஊரறியச் சொல்லிட்டு வந்தவன்."

அப்பா நடந்தார். குளத்தங்கரை வழியில் அவர் கால் பட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்ததால் ஒரு இடத்தில் வழி தெரியாமல் நின்றார், இசக்கி முன்னால் போனாள். திரும்பிப் பார்த்தபோது கோமுவும் டிரைவரும் இன்னும் நாலைந்து பேரும் கொஞ்சம் தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவர்களும் அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் சாத்திக்கொண்டார்கள்.

முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். வாயின் ஒரு ஓரம் கொஞ்சமாக, ஏதோ கசப்பைத் தின்றவள் போலக் கீழே இறங்கியிருந்தது, மற்றபடி கையும் காலும் பேச்சும் ஒழுங்காக இருந்தன. விழுந்து எழுந்ததில் சேலையில் மண் ஒட்டியிருந்தது. செல்வின் அவள் பக்கத்தில் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, அது எதற்கு என்று யோசிக்கிறவன் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றான். அப்பாவையும் தங்கையையும் பின்னால் வருகிறவர்களையும் கண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் அழுதாள், கோபத்தில்தான் அழுதாள்.

"நான் யாருக்கும் போடலியே. இவளுக்குக்கூடப் போடலியே. வெறும் டீதானே குடுத்தேன்" என்றாள். "உங்களுக்கெல்லாம் எப்படி வந்துது?"

"முன்னாடி போட்டதும்மா" என்றார் அப்பா. "எல்லாம் முன்னாடி போட்டதுதான்."

அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். சுவரோரம் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டீயளா?" என்று முப்பிடாதி பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"இல்ல. உக்காந்தேன், கை வரல."

"நெசமாவே வடிக்கல இன்னைக்கு. நேரமாவும்."

"ஆவட்டும். இருக்கேன்."

அவள் நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கோணிய வாயை இறுக்கிக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அன்னைக்கு இதே வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னீயளே, அது?"

பலவேசம் அசையாத பெருவிரலை மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுதான் பலிக்கலியே மக்கா" என்றார்.

முப்பிடாதி உலை வைக்க உள்ளே போனாள்.